ஏசி வாங்குறதுக்கு முன்னாடி ஓட்டையை அடைங்க: 940 ரூபாயில் ஒரு சிறுசேரி ஃபிளாட் கணக்கு



கோடைக்காலம் வந்தாலே எனக்கு வர்ற மெசேஜ்ல பாதி ஒரே மாதிரி இருக்கும். "சார், சிப்காட் பக்கம் ரெண்டு பெட்ரூம் ஃபிளாட்ல இருக்கோம். ஈபி பில் எகிறுது. பழைய ஏசியைத் தூக்கிட்டு ஃபைவ் ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி நோ-காஸ்ட் இஎம்ஐ-ல வாங்கிடலாமா?"

வாங்குங்க, வாங்காதீங்கன்னு ஒரே வரியில் பதில் சொல்லிட முடியாது. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு கேள்வி இருக்கு. இப்போ இருக்கிற ஏசி குளிர வைக்கிற காத்து உங்க அறைக்குள்ளதான் இருக்கா?

இதே தப்பை நானும் பண்ணப் பார்த்தேன். சிறுசேரியில் வாடகை ஃபிளாட்ல இருந்தப்ப, ஒரு மே-ஜூன் பில் 548 யூனிட் வந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே 42,000 ரூபாய் ஏசி ஒண்ணை கார்ட்ல போட்டு வெச்சேன். மறுநாள் ஃபில்டர் கழுவலாம்னு ஸ்டூல் போட்டு ஏறினேன். இண்டோர் யூனிட்டுக்குப் பின்னாடி, பைப் வெளியே போற ஓட்டை வழியா பகல் வெளிச்சம் தெரிஞ்சது. கையை வெச்சா சூடான காத்து. ரெண்டு வருஷமா அந்த ஓட்டைக்கும் சேர்த்து நான் ஈபி கட்டிட்டு இருந்திருக்கேன். அந்த கார்ட் இன்னும் அப்படியே இருக்கு.

முதல்ல பில் கணக்கு: 500-ங்கிற பள்ளம்

நான் ஆடிட்டர், ஏசி மெக்கானிக் இல்லை. அதனால எனக்குத் தெரிஞ்ச இடத்துல இருந்தே ஆரம்பிக்கிறேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு பில். கீழே இருக்கிறது 2024 ஜூலையில் வந்த ரேட், 2025-லும் அதுதான் இருந்தது. 2025 ஜூலையில் அறிவிச்ச உயர்வை வீட்டு இணைப்புகளுக்கு அரசே ஏத்துக்கிட்டது.

ரெண்டு மாசத்துல 500 யூனிட்டுக்குள்ள இருந்தா:
- முதல் 100 யூனிட்: இலவசம்
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு ரூ.2.35
- 201 முதல் 400 வரை: ரூ.4.70
- 401 முதல் 500 வரை: ரூ.6.30

500-ஐத் தாண்டிட்டா:
- முதல் 100 யூனிட்: இலவசம்
- 101 முதல் 400 வரை: ரூ.4.70
- 401 முதல் 500 வரை: ரூ.6.30
- 501 முதல் 600 வரை: ரூ.8.40
- 601 முதல் 800 வரை: ரூ.9.45
- அதுக்கு மேல ரூ.10.50, ஆயிரத்தைத் தாண்டினா ரூ.11.55

ரெண்டு பட்டியலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 500-ஐத் தாண்டினதும் 101-200 பகுதிக்குக் கிடைச்ச ரூ.2.35 சலுகை பின்னோக்கிப் போய் ரத்தாகிடும். 500 யூனிட்டுக்கு பில் ரூ.1,805. 501 யூனிட்டுக்கு ரூ.2,048.40. அந்த ஒரே ஒரு யூனிட்டோட விலை ரூ.243.40!

வருமான வரியில் மேல் ஸ்லாபுக்குப் போனா, கூடுதல் வருமானத்துக்கு மட்டும்தான் கூடுதல் வரின்னு நாம பல வீடியோல பேசியிருக்கோம். ஈபி பில்லில் இந்த ஒரு இடத்துல மட்டும் அந்த நியாயம் கிடையாது. அதனால 510, 540, 560-ன்னு பில் வர்றவங்களுக்கு 50 யூனிட் மிச்சம் பண்றது சின்ன விஷயம் இல்லை.

ஒரு விதிவிலக்கு. உங்க வீட்டு ஓனர் சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு ஒரே ரேட்னு வாங்கினா, இந்தப் பள்ளம் உங்களுக்குப் பொருந்தாது. மிச்சமாகிற யூனிட்டை அவர் ரேட்டால பெருக்கிக்கோங்க. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் டக்ட், நமக்கு அறை

அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளில் ஒரே மெஷின், அதிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் தகரக் குழாய். அதுதான் டக்ட். சாதாரண வீட்டில் அந்தக் குழாய்களில் ஓடுற காத்துல 20 முதல் 30 சதவீதம் வரை இணைப்புகள் வழியாகவே கசிஞ்சு போயிடுதுன்னு அங்குள்ள அரசுத் திட்டமான எனர்ஜி ஸ்டார் சொல்லுது. அதனால அங்கே லீவு நாள்ல மாடியில் ஏறி டக்ட்டை அடைக்கிறது ஒரு வழக்கமான வீட்டு வேலை.

நம்ம ஊர்ல முக்கால்வாசி பேர் வீட்ல ஸ்பிளிட் ஏசி. டக்ட்டே இல்லை. ஆனா கசிவு இருக்கு. நமக்கு அந்த அறைதான் குழாய். கதவுக்கு அடியில் விரலளவு சந்து, ஸ்லைடிங் ஜன்னல் ஓரம், பழைய விண்டோ ஏசி இருந்த இடத்துல அடிச்ச பிளைவுட், அட்டாச்ட் பாத்ரூமின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, ஏசி பைப் ஓட்டை. ஒவ்வொண்ணும் ஒரு கசிவு.

இதுல நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு கூடுதல் தொல்லை உண்டு. நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம் எல்லாமே கடலுக்குப் பக்கம். கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய், முட்டுக்காடு முகத்துவாரம், அதைத் தாண்டினா கடல். ராத்திரி வெப்பம் குறைஞ்சாலும் புழுக்கம் குறையாது. உள்ளே வர்ற காத்தை ஏசி குளிர வைக்கணும், அதோட அந்தக் காத்துல இருக்கிற தண்ணியையும் பிழிஞ்சு எடுக்கணும். டிரெய்ன் பைப்ல சொட்டுறது அந்தத் தண்ணிதான்.

ஒரு தோராயக் கணக்கு போடுவோம். 10க்கு 12 அடி அறை, உயரம் ஒன்பதரை அடி. மொத்தம் சுமார் 32 கன மீட்டர் காத்து. வெளியே 29 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம். உள்ளே 25 டிகிரி, 55 சதவீதம். அறையின் காத்து முழுசா ஒரு தடவை வெளிக்காத்தா மாறினா, அதோட சுமார் 350 மில்லி தண்ணி உள்ளே வருது. அதைக் குளிர வெச்சு, தண்ணியைப் பிழிஞ்செடுக்க ஒரு நல்ல ஏசிக்கு சுமார் 0.08 யூனிட் ஆகும்.

பாக்க சின்ன நம்பர்தான். மணிக்கு ஒரு தடவை இப்படி மாறுதுன்னா, ராத்திரி 9 மணி நேரம், 60 நாள்: சுமார் 43 யூனிட். மணிக்கு ரெண்டு தடவைன்னா 86 யூனிட். இப்போ மேல இருக்கிற 500 பள்ளத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கசிவைக் கண்டுபிடிக்க ஒரு ஊதுபத்தி போதும்

1. ஜன்னல் எல்லாம் சாத்துங்க, ஏசியையும் ஃபேனையும் நிறுத்துங்க.
2. பாத்ரூம் கதவைத் திறந்து வெச்சு, அங்கே இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனை மட்டும் ஓட விடுங்க. அது அறைக் காத்தை வெளியே இழுக்கும். அந்த இடத்தை நிரப்ப ஒவ்வொரு சந்து வழியாவும் வெளிக்காத்து உள்ளே வரும்.
3. ஊதுபத்தியைக் கொளுத்தி கதவு ஓரம், ஜன்னல் ஓரம், ஏசி பின்பக்கம், சுவிட்ச் பாக்ஸ், லாஃப்ட்னு மெதுவா நகர்த்துங்க. திரைச்சீலை பக்கம் கவனம். புகை நேரா மேலே போனா பிரச்சினை இல்லை. அறைப்பக்கம் வளைஞ்சு ஓடினா அங்கே ஓட்டை.
4. கிடைச்ச இடத்துல எல்லாம் பென்சில் குறி போடுங்க.

எக்ஸாஸ்ட் இல்லாதவங்க, ராத்திரி லைட்டை அணைச்சிட்டு இன்னொருத்தரை வெளியே இருந்து டார்ச் அடிக்கச் சொல்லுங்க. வெளிச்சம் வர்ற இடத்துல காத்தும் வரும்.

எதை, எதை வெச்சு அடைக்கணும்?

*ஏசி பைப் ஓட்டை:* முதல் வேலை இதுதான். ஏசி மாட்டுறவர் அவசரத்துல அப்படியே விட்டுட்டுப் போற இடம். மாவு மாதிரி பிசையுற ஏசி புட்டி ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். பைப்பைச் சுத்தி உள்பக்கம், வெளிப்பக்கம் ரெண்டுலயும் அமுக்கி விடுங்க. நாளைக்கு சர்வீஸுக்குப் பிச்சு எடுக்க வரும், அதனால சிமென்ட் வேண்டாம். டிரெய்ன் பைப் நசுங்காம, சரிவு மாறாம பாத்துக்கோங்க. வேலைக்கு முன்னாடி ஏசி எம்சிபி-யை ஆஃப் பண்ணுங்க. வெளிப்பக்கம் பால்கனியில் நின்னு கை எட்டினா மட்டும் செய்யுங்க. ஒன்பதாவது மாடியில் எட்டிப் பாக்குற அளவுக்கு எந்தச் சேமிப்பும் பெருசு இல்லை.

*கதவுக்கு அடி:* வெட்டி ஒட்டுற ரப்பர் ஸ்ட்ரிப், இல்லைனா ரெண்டு பக்கமும் உருளை இருக்கிற டோர் கார்டு. வாடகை வீட்டுக்கு ரெண்டாவதுதான் நல்லது. ஆணி வேண்டாம், காலி பண்ணும்போது எடுத்துட்டுப் போயிடலாம். அட்டாச்ட் பாத்ரூம் கதவுக்கும் ஒண்ணு போடுங்க.

*ஸ்லைடிங் ஜன்னல்:* ஓரத்துல இருக்கிற பிரஷ் ஸ்ட்ரிப் நாளாக நாளாகத் தேஞ்சு போயிடும். புதுசு மீட்டர் கணக்குல கிடைக்கும். ஆனா கீழ் தண்டவாளத்துல சின்னச் சின்னத் துளை இருக்கும் பாருங்க, அதை அடைச்சிடாதீங்க. மழைத்தண்ணி வெளியே போற வழி அது. அடைச்சா ஐப்பசி மழையில் தண்ணி ஹாலுக்குள்ள வரும்.

*ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவுல:* சிலிக்கான் சீலன்ட் ஒரு ட்யூப். தூசியைத் துடைச்சு, ஈரம் காய்ஞ்ச பிறகு போடுங்க. இது நிரந்தர வேலை, அதனால ஓனர்கிட்ட ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டு "சரி"னு பதில் வாங்கி வெச்சுக்கோங்க. அட்வான்ஸ் திரும்ப வாங்குற அன்னைக்கு உதவும்.

*ஏசி பைப்பின் கறுப்பு உறை:* வெயில்ல வெடிச்சு உதிர்ந்திருந்தா மாத்துங்க. குளிர் பைப் வெறுமையா இருந்தா வேர்க்கும், குளிரும் வெளியே போகும். உறையை மட்டும்தான் தொடணும். கேஸ் லைன், வயரிங் எல்லாம் மெக்கானிக் வேலை.

உங்க வீட்ல நிஜமாவே டக்ட் இருந்தா?

ஓஎம்ஆர் வில்லாக்களிலும் சில பெரிய ஃபிளாட்களிலும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல டக்டபிள் ஏசி உண்டு. அங்கே முக்கியமான இடம் மெஷினிலிருந்து டக்ட் கிளம்புற முதல் இணைப்பு. காத்தழுத்தம் அங்கேதான் அதிகம். அடுத்து ஒவ்வொரு வளைவு, கிரில் சட்டம். மெஷினுக்குத் திரும்பி வர்ற பக்கத்துல ஓட்டை இருந்தா இன்னும் மோசம். ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல இருக்கிற சூடான ஈரக்காத்தையும் தூசியையும் அது உறிஞ்சும்.

அடைக்க மாஸ்டிக்னு ஒரு பசை இருக்கு. பிரஷ்ஷால பூசலாம். பெரிய சந்துன்னா கண்ணாடி இழை வலையை வெச்சு மேல பூசணும். நேரான இணைப்புக்கு அலுமினிய ஃபாயில் டேப். சாம்பல் நிறத் துணி டேப் வேண்டவே வேண்டாம். பேரு டக்ட் டேப்தான், ஆனா டக்ட்டுக்கு ஆகாது! 1998-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துல பலவகை டேப், பசைகளைச் சூடும் குளிருமா மாத்தி மாத்திச் சோதிச்சாங்க. படுமோசமாத் தோத்தது இந்தத் துணி டேப்தான்.

முதல்ல அடைச்சிட்டு, பிறகுதான் இன்சுலேஷன் சுத்தணும். நம்ம ஊர்ப் புழுக்கத்துல இன்சுலேஷன் பிரிஞ்ச இடத்துல எல்லாம் டக்ட் வேர்க்கும். ஃபால்ஸ் சீலிங்ல மஞ்சள் கறை தெரிஞ்சா, மேல் வீட்டுக்காரரோட சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி டக்ட்டைப் பாருங்க.

இதை மட்டும் அடைக்காதீங்க

இந்தப் பகுதியைத் தாண்டிப் போயிடாதீங்க, ப்ளீஸ்.

- கேஸ் கீசர் இருக்கிற பாத்ரூமின் வெண்டிலேட்டரை எக்காரணம் கொண்டும் மூடாதீங்க. காத்தோட்டம் இல்லாத இடத்துல எரியுற கேஸ் கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். அதுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.
- சமையலறை ஜன்னல், வெண்டிலேட்டர் விஷயத்திலும் அதே விதிதான்.
- எக்ஸாஸ்ட் ஃபேனை அட்டை வெச்சு நிரந்தரமா மூடாதீங்க, ஈரம் தங்கி பூஞ்சை வரும். ஓடும்போது திறந்து நிறுத்தினா தானா மூடுற ஷட்டர் கிடைக்குது, அதை மாட்டுங்க.
- ஒரே அறையில் மூணு பேர் படுத்தா, படுக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் கதவு, ஜன்னலைத் திறந்து விடுங்க. காலையில் தலை பாரமா இருந்தா கதவை லேசாத் திறந்து வெச்சுத் தூங்குங்க. மூச்சு விட வர்ற காத்துக்கு ஆகுற செலவு வீண் செலவு இல்லை.

என் கணக்குப் புத்தகம்

செலவு: கதவு ஸ்ட்ரிப் 260, ஜன்னல் பிரஷ் 220, ஏசி புட்டி 60, சிலிக்கான் 190, பைப் உறை 210. மொத்தம் 940 ரூபாய். கேளம்பாக்கத்துல ஒரு ஹார்டுவேர் கடை, ஒரு ஞாயித்துக்கிழமை காலை.

வரவை எப்படி அளந்தேன்? தூங்கப் போகும்போது ஒரு மீட்டர் ரீடிங், எழுந்ததும் ஒண்ணு. அடைக்கிறதுக்கு முன்னாடி ஏழு ராத்திரி, அடைச்ச பிறகு ஏழு ராத்திரி. ரெண்டு வாரமும் அதே செட்டிங், அதே நேரம். ஃபிரிட்ஜும் ஃபேனும் ரெண்டு பக்கமும் பொது. முன்னாடி சராசரி 6.1 யூனிட், பிறகு 5.2. ராத்திரிக்கு 0.9 யூனிட், 60 நாளைக்கு 54.

548-லிருந்து 54 போனா 494. மேல சொன்ன ரேட்டில் போடுவோம். 548 யூனிட்டுக்கு ரூ.2,443.20. 494 யூனிட்டுக்கு ரூ.1,767.20. வித்தியாசம் 676 ரூபாய். யூனிட் கணக்குல 10 சதவீதம்தான் குறைஞ்சிருக்கு, பணக் கணக்குல 27 சதவீதத்துக்கு மேல. காரணம் அந்தப் பள்ளம்.

ஆடிட்டரா இருந்துட்டு குறிப்பு எழுதாம விட முடியாது. ரெண்டு வாரத்துல வானிலை கொஞ்சம் மாறியிருக்கும். என் அறையில் ஓட்டை பெருசு, உங்களுக்குச் சின்னதா இருக்கலாம். ஏசி ஓடாத கார்த்திகை, மார்கழியில் மிச்சம்னு பெருசா ஒண்ணும் இருக்காது. என் 676 உங்க 676 இல்லை. ஆனா 940 ரூபாயை முதல் கோடையே பெரும்பாலும் திருப்பிக் குடுத்துடும்.

அப்போ அந்த 42,000 ரூபாய் ஏசி?

தாராளமாவே வெச்சுக்குவோம். புது ஏசி ராத்திரிக்கு ஒன்றரை யூனிட் மிச்சம் பண்ணுது, ஒரு பில்லுக்கு 90 யூனிட். யூனிட் 10 ரூபாய்னு போட்டா 900. வருஷத்துல ஏசி பலமா ஓடுற மூணு பில்லுக்கு 2,700. போட்ட 42,000 திரும்பி வர 15 வருஷத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள அந்த ஏசியே மாத்துற நிலைக்கு வந்திருக்கும். நோ-காஸ்ட் இஎம்ஐ-ன்னாலும் பிராசஸிங் கட்டணம் வரலாம், கார்டு இஎம்ஐ-யின் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. அதையும் பில்லில் தேடிப் பாருங்க.

ஏசி கெட்டுப்போச்சு, கேஸ் அடிக்கடி போகுதுன்னா மாத்துங்க. 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு, அது நல்லதுதான். ஆனா ஓட்டை அறையில் ஃபைவ் ஸ்டார் ஏசியை மாட்டினா, அது ஃபைவ் ஸ்டார் காத்தைத் தெருவுக்கு அனுப்பும்.

இன்னொண்ணு, செலவே இல்லாதது. செட்டிங்ல ஒரு டிகிரி ஏத்தினா சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம்னு மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ சொல்லுது. கசிவை அடைச்சா அறையில் புழுக்கம் குறையும். புழுக்கம் குறைஞ்சா 24-ல் கிடைச்ச சுகம் 26-லயும் ஃபேனோட கிடைக்கும். நான் 26-க்கு மாத்தினது அளவு எடுத்து முடிச்ச பிறகுதான், மேல சொன்ன 54-ல் அது சேராது.

இந்த வார வேலை

கடைசி ரெண்டு கோடை பில்லை எடுங்க. 500-க்கு மேல எத்தனை யூனிட்னு பாருங்க. 20, 30, 60-ன்னா சனிக்கிழமை ஊதுபத்தி, ஞாயித்துக்கிழமை ஹார்டுவேர் கடை. ரூம்மேட்ஸ் இருந்தா செலவைப் பங்கு போடுங்க, மிச்சத்தையும் பங்கு போடுங்க. 800-க்கு மேலன்னா இது மட்டும் பத்தாது, எந்தச் சாதனம் இழுக்குதுன்னு தேடணும். அதை வேற வீடியோவில் பாப்போம்.

அடைச்ச பிறகு ஏழு ராத்திரி ரீடிங்கைக் கமென்ட்ல போடுங்க. ஒண்ணுமே குறையலைன்னாலும் போடுங்க. அதுவும் கணக்குதான்.